கதிர்வீச்சின் வகை மாறினால் நுரையீரலின் மரபணுக்கள் என்ன செய்கின்றன?

நுரையீரல் புற்றுநோய்க்குப் புரோட்டான் சிகிச்சை தரப்படுவதாக ஒரு செய்தி வருகிறது. நிலத்திலிருந்து கசிந்து வீட்டுக்குள் தேங்கும் ரேடான் வாயு அதே நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று இன்னொரு செய்தி சொல்கிறது. செவ்வாய்க்குச் செல்லவிருக்கும் விண்வெளி வீரர்களின் நுரையீரலை அண்டக் கதிர்கள் என்ன செய்யும் என்று ஆராயப்படுவதாக மூன்றாவது செய்தி. மூன்றையும் ஒருசேரப் படிப்பவர், கதிர்வீச்சு நோயைத் தீர்க்கிறதா, தருகிறதா என்று குழம்புவது இயல்பே. குறைந்த அளவு நன்று, மிகுந்த அளவு தீது என்ற பழகிய விடை இங்கே பாதிக் கிணறுதான் தாண்டுகிறது. ஒரே அளவு ஆற்றலைத் தரும் இரு வகைக் கதிர்கள், ஒரே நுரையீரல் திசுவில் வெவ்வேறு மரபணுக்களை வெவ்வேறு கால அளவுக்கு இயங்க வைக்கின்றன. கதிரின் அளவோடு, அந்த ஆற்றல் எந்த இடத்தில், எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு வேகத்தில் விழுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் செய்திகள் ஒன்றோடொன்று பொருந்தும்.

இங்கே பேசப்படுவது அயனியாக்கும் கதிர்வீச்சு, அதாவது அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பெயர்த்தெடுக்கும் ஆற்றல் கொண்ட கதிர்வீச்சு மட்டுமே. கைப்பேசிக் கோபுரத்தின் அலைகளுக்கு அந்த ஆற்றல் கிடையாது. ஆகவே கீழே வரும் எதையும் அவற்றின் மேல் ஏற்றிப் படிக்க வேண்டாம்.

மரபணு சிதைவதும் மரபணுவின் செயல்பாடு மாறுவதும்

செய்திகளில் அடிக்கடி ஒன்றாகக் கலக்கப்படும் இரண்டு நிகழ்வுகளை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். டிஎன்ஏவின் எழுத்து வரிசையே மாறிவிட்டால் அது பிறழ்வு. எழுத்து வரிசை அப்படியே இருக்க, அந்த மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் தூது ஆர்என்ஏவின் அளவு கூடினாலோ குறைந்தாலோ அது செயல்பாட்டு மாற்றம். இதையே மரபணு வெளிப்பாடு கூடியது, குறைந்தது என்கிறார்கள். பிறழ்வு அரிதாக நிகழ்வது, நிலைத்து நிற்பது. செயல்பாட்டு மாற்றமோ கதிர்பட்ட ஒவ்வொரு செல்லிலும் சில நிமிடங்களில் தொடங்கக்கூடியது. பெரும்பாலும் தணிந்துவிடும், சில வேளைகளில் மாதக்கணக்கில் நீடிக்கும்.

மனித செல் ஒவ்வொன்றிலும் புரதங்களுக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. அவற்றுள் எவை இயங்குகின்றன என்பதே ஒரு செல்லின் அடையாளம். நுரையீரலில் நாற்பதுக்கும் மேற்பட்ட செல் வகைகள் இருக்கின்றன. காற்று நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பசைப்பொருளைச் சுரக்கும் இரண்டாம் வகை நுண்ணறைச் செல்கள், மூச்சுக்குழாயின் உட்சுவரைப் புதுப்பிக்கும் அடிச்செல்கள், நார்ப்புரதமான கொலாஜனை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள், தூசியையும் கிருமியையும் விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள், இரத்த நாளங்களின் உட்செல்கள் எனப் பலவும் அருகருகே அமைந்திருப்பதால், ஒரு வகைச் செல்லின் துன்பம் அடுத்த வகைச் செல்லின் மரபணுக்களை இயக்கிவிடுகிறது. நுரையீரல் விவகாரம் சிக்கலாவது இந்த அண்டை உறவினால்தான்.

ஒரே ஒரு கிரே, பல வகைப் பொழிவு

ஒரு கிலோகிராம் திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் சேர்ந்தால் அது 1 கிரே. வெப்பமாகக் கணக்கிட்டால் திசுவின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட உயர்த்த அது போதாது. ஆனால் இந்த ஆற்றல் டிஎன்ஏவை ஒட்டி, மிகச் சிறிய இடங்களில் குவிந்து விழுவதால் சேதம் நேர்கிறது. எக்ஸ் கதிர் அல்லது காமா கதிர் 1 கிரே பட்ட செல்லில் ஏறத்தாழ ஆயிரம் ஒற்றை இழை முறிவுகளும், இருபது முதல் நாற்பது வரை இரட்டை இழை முறிவுகளும் உண்டாகின்றன. ஒற்றை இழை முறிவைச் செல் எளிதில் ஒட்டிவிடும். இரட்டை இழை முறிவுதான் ஆபத்தானது.

கதிர் ஒரு மைக்ரோமீட்டர் தூரம் கடக்கையில் எவ்வளவு ஆற்றலை விட்டுச் செல்கிறது என்பதை இயற்பியலில் நேரியல் ஆற்றல் மாற்றம் என்பார்கள். வகைகளைப் பிரித்தறிய இந்த ஓர் அளவே பெரும்பாலும் போதும்.

1. கோபால்ட்-60 தரும் காமா கதிருக்கு இது 0.2 முதல் 0.3 கிலோ எலக்ட்ரான் வோல்ட்.
2. சிகிச்சையில் பயன்படும் புரோட்டானுக்குப் பாதையின் பெரும்பகுதியில் ஏறத்தாழ 0.5, நின்றுபோகும் முனையில் 10 அல்லது அதற்கும் மேல்.
3. கார்பன் அயனிக்குக் கட்டி இருக்கும் ஆழத்தில் பல பத்துகள்.
4. ரேடானின் வழித்தோன்றல்கள் உமிழும் ஆல்ஃபா துகளுக்கு ஏறத்தாழ 100.
5. அண்டக் கதிர்களில் இருக்கும் இரும்பு அயனிக்கு, அதன் வேகத்தைப் பொறுத்து, 150 அளவில்.

ஒரே அளவு நீர் வயல் முழுதும் தூறலாக விழுவதற்கும், மடை உடைந்து ஒரே பாத்தியில் பாய்வதற்கும் உள்ள வேறுபாடே காமாவுக்கும் ஆல்ஃபாவுக்கும் உள்ளது. காமா கதிர் 1 கிரே எனில் ஒரு செல்லின் கருவை ஏறத்தாழ ஆயிரம் எலக்ட்ரான் தடங்கள் ஊடுருவிச் செல்லும். ஆல்ஃபா எனில் ஒரு சில தடங்களே அதே 1 கிரேயைக் கொடுத்துவிடும். அத்தடம் டிஎன்ஏவைக் கடக்கும் இடத்தில் இழை முறிவுகளும் கார மூலச் சேதங்களும் சில நானோமீட்டர்களுக்குள் கொத்தாக நேர்கின்றன. கொத்துச் சேதத்தைச் சீர்செய்வது கடினம். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் 2007-இல் வெளியிட்ட பரிந்துரைகளில் காமாவுக்கு 1, புரோட்டானுக்கு 2, ஆல்ஃபாவுக்கு 20 என்று எடை எண்கள் வைத்திருப்பதும், கிரேயை இந்த எண்ணால் பெருக்கிச் சீவர்ட் என்ற அலகில் இடர்க் கணக்குப் போடுவதும் இதனால்தான். ஆனால் எடை எண் என்பது நிர்வாக வசதிக்கான ஒரு சராசரி. ஆல்ஃபா, காமாவைவிட இருபது மடங்கு வலிய காமா என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மரபணுக்களின் பதிலைப் பார்த்தால் இது தெளிவாகும்.

எல்லா வகைக்கும் முதலில் எழும் பதில்

இரட்டை இழை முறிவு நேர்ந்ததும் ஏடிஎம் என்ற நொதி அதை உணர்ந்து, பி53 என்ற புரதத்தை நிலைப்படுத்துகிறது. வழக்கமாகத் தோன்றியவுடன் அழிக்கப்பட்டுவிடும் பி53 இப்போது குவிந்து, டிஎன்ஏவில் தனக்குரிய இடங்களில் அமர்ந்து, பல பத்து மரபணுக்களை இயக்குகிறது. அவற்றுள் மூன்றை நினைவில் வைத்தால் போதும். பி21 செல் பிரிவதை நிறுத்துகிறது. பாக்ஸ், சேதம் மிகுந்த செல்லைத் தற்கொலைக்கு அனுப்புகிறது. எம்டிஎம்2 பி53-ஐயே அழித்து, கிளர்ச்சியை அடக்குகிறது.

எக்ஸ் கதிர், புரோட்டான், ஆல்ஃபா, இரும்பு அயனி எதுவானாலும் இந்த முதல் பதில் எழத்தான் செய்கிறது. ஆகவே ‘இந்தக் கதிர் பி21-ஐ இயக்கியது’ என்று மட்டும் சொல்லும் ஆய்வுச் செய்தி கதிரின் வகையைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்லவில்லை.

வகைகள் பிரியும் இடங்கள்

1. நீடிக்கும் காலம். காமா கதிரின் முறிவுகள் பெரும்பாலும் சில மணி நேரங்களில் ஒட்டப்பட்டுவிடுவதால் பி53-இன் கிளர்ச்சி தணிகிறது. கொத்துச் சேதத்தின் முறிவுகள் ஒரு நாளுக்குப் பின்னும் திறந்தே கிடக்கின்றன. பி21 ஓயாமல் இயங்குகிறது. செல் இறக்காமலும் பிரியாமலும் முதுமை நிலையில் உறைந்துபோக வாய்ப்புக் கூடுகிறது. அப்படி உறைந்த செல் சும்மா இருப்பதில்லை. இன்டர்லியூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்களைத் தொடர்ந்து சுரக்கிறது.

2. அழற்சி. மனித மூச்சுக்குழாய்ச் செல்களைக் காமா, சிலிக்கான் அயனி, இரும்பு அயனி ஆகியவற்றுக்கு உட்படுத்தி ஒப்பிட்டு 2013-இல் வெளியான ஆய்வில், அழற்சியின் தொடக்கக் கட்டத்துக்குரிய மரபணுக்கள் கன அயனிகளுக்கே குறிப்பாகப் பதிலளித்தன. கதிரின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தும் வகையின் முத்திரை தனித்துத் தெரிந்தது.

3. கதிர் படாத செல்கள். இதுவே இத்துறையின் மிக வியப்பான பகுதி என்பது என் எண்ணம். 1992-இல் வெள்ளெலிச் செல்களின் மேல் மிகக் குறைந்த அளவு ஆல்ஃபா துகள்களைச் செலுத்தியபோது, நூற்றில் ஒரு செல்லின் கருவைக்கூடத் துகள் ஊடுருவவில்லை. ஆனால் முப்பது விழுக்காட்டுச் செல்களில் குரோமோசோம் மாற்றம் தென்பட்டது. அடிபட்ட செல் அண்டைச் செல்களுக்கு ஏதோ செய்தி அனுப்பியிருக்கிறது என்பதே இதன் பொருள். மனித நுரையீரல் ஃபைப்ரோபிளாஸ்ட்களில் பின்னர் நடந்த ஆய்வுகள், அண்டைச் செல்களில் காக்ஸ்-2 என்ற அழற்சி மரபணு மூன்று மடங்குக்கு மேல் இயங்குவதைக் கண்டன. ஐஎம்ஆர்-90 என்ற நுரையீரல் செல் வரிசையில் 0.5 கிரே ஆல்ஃபா கொடுத்து நான்கு மணி நேரத்துக்குப் பின் பார்த்த 2008-ஆம் ஆண்டின் ஆய்வு, இன்னும் கூர்மையான ஒன்றைச் சொன்னது: பி53 ஆளும் மரபணுக்கள் நேரடியாக அடிபட்ட செல்களில்தான் வலுவாக இயங்கின, என்எஃப்-கப்பா பி என்ற அழற்சிக் கட்டுப்பாட்டுப் புரதம் ஆளும் மரபணுக்களோ அடிபட்ட செல்லிலும் அண்டைச் செல்லிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இயங்கின. சேதத்தின் கதை அடிபட்ட செல்லோடு நிற்கிறது. அழற்சியின் கதை ஊரெல்லாம் பரவுகிறது.

4. டிஎன்ஏ மேல் விழும் வேதிக் குறிகள். மெத்தில் குறிகள் ஒரு மரபணுவை நீண்ட காலத்துக்கு அடைத்தோ திறந்தோ வைக்கக்கூடியவை. செல் பிரிந்தாலும் தொடர்பவை. மூச்சுக்குழாய்ச் செல்களில் 2018-இல் வெளியான ஆய்வொன்றில் இரும்பு அயனி இக்குறிகளைப் பெரும்பாலும் கூட்டியது, சிலிக்கான் அயனி பெரும்பாலும் குறைத்தது. எக்ஸ் கதிரின் போக்கு இரண்டிலிருந்தும் வேறுபட்டிருந்தது. இரும்பு அயனி விட்ட குறிகள் நுரையீரல் புற்றுக் கட்டிகளில் காணப்படும் குறிகளோடு ஒத்துப்போனதால் விண்வெளி மருத்துவர்கள் இதைக் கவனிக்கிறார்கள். கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.8 மில்லி சீவர்ட் பதிவு செய்தது. போய்வரும் பயணத்துக்கு 0.66 சீவர்ட் அளவில் கணக்காகிறது.

ரேடான்: எங்கே விழுகிறது என்பதே எல்லாம்

ரேடான்-222 வாயுவின் அரை ஆயுள் 3.8 நாள். உள்ளிழுத்த வாயுவில் பெரும்பகுதி அப்படியே வெளிவந்துவிடும். தீங்கு செய்வன அதன் வழித்தோன்றல்களான பொலோனியம்-218, பொலோனியம்-214 ஆகிய திண்ம அணுக்கள். அவை தூசியோடு ஒட்டி மூச்சுக்குழாய்க் கிளைகளின் உட்சுவரில் படிகின்றன. அவை உமிழும் ஆல்ஃபா துகள் திசுவில் 40 முதல் 70 மைக்ரோமீட்டர் வரையே செல்லும். மூச்சுக்குழாயின் மேற்புறத்தோலுக்கு அடியில் உள்ள அடிச்செல்கள் துல்லியமாக அந்த எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆழத்திலிருக்கும் நுண்ணறைகளுக்கு வரும் பங்கு ஒப்பீட்டில் சிறியது. ரஷ்யாவின் மாயக் அணு ஆலையில் பணியாளர்கள் சுவாசித்த புளூட்டோனியத்தின் கதை வேறு: எளிதில் கரையாத அதன் துகள்கள் நுண்ணறைகளுக்குள் ஆண்டுக்கணக்கில் தங்குவதால், அங்கே புற்றுநோயோடு நார்மயமாதலும் (திசு வடுப்பட்டு இறுகுவதும்) சேர்ந்தே காணப்பட்டது. இரண்டும் ஆல்ஃபாதான், படியும் செல் வகை மாறியதும் நோயின் முகமும் மாறிவிட்டது.

சாதாரண வீட்டில் ரேடான் அளவு குறைவாக இருக்கும்போது, பெரும்பாலான அடிச்செல்களை ஆண்டு முழுதும் ஓர் ஆல்ஃபா துகள்கூடத் தொடாது. தொடப்படும் ஒரு செல்லுக்கோ ஒரே ஊடுருவலில் பெரிய அளவு கிடைத்துவிடும். அண்டைச் செல் விளைவு இந்நிலையில்தான் கோட்பாட்டளவைத் தாண்டி நடைமுறைக் கேள்வியாகிறது. ஐரோப்பிய வீடுகளின் தரவுகளைத் தொகுத்த 2005-ஆம் ஆண்டின் ஆய்வு, ரேடான் கன மீட்டருக்கு 100 பெக்கரல் (ஒரு பெக்கரல் என்பது நொடிக்கு ஓர் அணுச் சிதைவு) கூடும்போதெல்லாம் நுரையீரல் புற்றுநோய் இடர் 16 விழுக்காடு உயர்வதாகக் கண்டது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் அதே 100 பெக்கரலை, வீடுகளில் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய அளவாகப் பரிந்துரைத்தது. புகைப்பவருக்கு அடிப்படை இடரே பன்மடங்கு என்பதால், 16 விழுக்காடு என்பது அவருக்குப் பெரிய எண், புகைக்காதவருக்குச் சிறிய எண்.

சிகிச்சைக் கதிர்: மாதக்கணக்கில் ஓடும் தொடர்

நுரையீரல் புற்றுக்கு வழக்கமாக நாளுக்கு 2 கிரே வீதம் 60 கிரே வரை எக்ஸ் கதிர் தரப்படுகிறது. கட்டிக்கு வெளியே உள்ள நுரையீரலின் சராசரி அளவு 20 கிரேயைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். அதைத் தாண்டினால் ஒன்றிலிருந்து ஆறு மாதங்களுக்குள் கதிர்வீச்சு அழற்சியும், அதன் பின் நார்மயமாதலும் நேரும் வாய்ப்புக் கூடுகிறது. நடுவே இருக்கும் அமைதிக் காலத்தில் திசு உறங்குகிறது என்றே முன்பு கருதப்பட்டது. பிலிப் ரூபினும் அவருடைய குழுவினரும் 1995-இல் எலிகளின் நுரையீரலில் காட்டியது இதற்கு மாறானது: அழற்சிச் செய்திப் புரதங்களுக்கான மரபணுக்கள் கதிர்பட்ட சில மணி நேரங்களிலேயே எழுந்து, வெளியே அறிகுறி எதுவும் தெரியாத வாரங்கள் முழுதும் அலையலையாக இயங்கிக்கொண்டே இருந்தன. டிஜிஎஃப்-பீட்டா அவற்றுள் தலையாயது. அதுவே ஃபைப்ரோபிளாஸ்ட்டைக் கொலாஜன் உற்பத்திக்குத் திருப்பிவிடுகிறது.

இத்தொடரின் திசை அளவைப் பொறுத்துத் தலைகீழாகவும் மாறுகிறது. ஒரு கிரேயை ஒட்டிய சிறிய அளவுகளில் மேக்ரோஃபேஜ்களின் அழற்சி மரபணுக்கள் அடங்குகின்றன; பெரிய அளவுகளில் கிளர்கின்றன. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பரவுவதற்கு முன் நிமோனியாவுக்கு எக்ஸ் கதிர் கொடுத்த பழைய வழக்கமும், 2020-இல் கோவிட் நிமோனியாவுக்கு 0.5 முதல் 1.5 கிரே வரை கொடுத்துப் பார்த்த முயற்சிகளும் இந்த அடிப்படையில் எழுந்தவை. ஆய்வகத்தில் அழகாகத் தெரிந்த இந்த விளைவு, சுவிட்சர்லாந்தில் செயற்கைச் சுவாசத்தில் இருந்த 22 நோயாளிகளிடம் 1 கிரே கொடுத்துக் குலுக்கல் முறையில் ஒப்பிட்டபோது பயனாக மாறவில்லை. மரபணு அடங்கியது என்ற செய்திக்கும் நோயாளி தேறினார் என்ற செய்திக்கும் இடையே நெடுந்தூரம் உண்டு.

வேகமும் ஒரு காரணி. பிரான்ஸின் கியூரி நிறுவன ஆய்வாளர்கள் 2014-இல் எலிகளின் மார்புக்கு 17 கிரே கொடுத்தார்கள். நொடிக்கு 0.03 கிரே என்ற வழக்கமான வேகத்தில் கொடுத்தபோது நார்மயமாதல் தோன்றியது. நொடிக்கு 40 கிரேக்கு மேற்பட்ட வேகத்தில், கண்ணிமைக்கும் நேரத்தில் கொடுத்து முடித்தபோது டிஜிஎஃப்-பீட்டா தொடர் பெரிதும் எழவில்லை, நார்மயமாதலும் தோன்றவில்லை. கட்டியின் மீதான தாக்கம் இரண்டிலும் குறையவில்லை. கதிரின் வகை, அளவு இரண்டும் மாறாமல், நேரம் மட்டும் சுருங்கியதால் வந்த வேறுபாடு இது.

சென்னையில் 2019 முதல் நடைபெறும் புரோட்டான் சிகிச்சை பற்றிக் கேட்போருக்கு இங்கிருந்து ஒரு விடை உண்டு. புரோட்டானின் மேன்மை முதன்மையாக அது நின்றுவிடும் இடத்தில் இருக்கிறது. கட்டிக்கு அப்பால் உள்ள நுரையீரலுக்குக் கதிர் போவதில்லை. உயிரியல் தாக்கத்தில் எக்ஸ் கதிரைவிட 1.1 மடங்கு என்றே மருத்துவமனைகள் கணக்கிடுகின்றன. பாதையின் கடைசிச் சில மில்லிமீட்டர்களில் அந்த எண் உயரும். காற்று நிறைந்த, அடர்த்தி குறைந்த நுரையீரலில் அந்த முனை எங்கே விழும் என்பதும் மூச்சோடு நகரும். ஜப்பானின் சிபாவில் 1994 முதல் வழங்கப்படும் கார்பன் அயனிச் சிகிச்சையில்தான் வகை வேறுபாட்டை வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள்: சீர்செய்ய முடியாத கொத்துச் சேதம் கட்டிக்குள் விழ வேண்டும் என்பதே அங்கே நோக்கம்.

திசுவைப் பார்த்து வகையைச் சொல்ல முடியுமா?

மேலே கண்ட முத்திரைகளைக் கொண்டு, ஒருவரின் புற்றுநோய் எந்தக் கதிரால் வந்தது என்று சொல்லிவிடலாம் எனத் தோன்றும். இரண்டு தடைகள் குறுக்கே நிற்கின்றன.

முதலாவது, அளவிடும் முறை. திசுத் துண்டு ஒன்றை மொத்தமாக அரைத்து ஆர்என்ஏவை எண்ணும்போது, மேக்ரோஃபேஜ்கள் புதிதாக வந்து குவிந்திருந்தாலும் ‘அழற்சி மரபணுக்கள் கூடின’ என்றே முடிவு வரும். எந்தச் செல்லும் தன் மரபணுச் செயல்பாட்டை மாற்றாமலே, செல்களின் விகிதம் மாறியதால் மட்டும் அந்த எண் கூடியிருக்கலாம். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே படிக்கும் முறைகள் வந்த பின்னரே இதைப் பிரித்தறிய முடிகிறது. ஆய்வகத் தட்டில் வளரும் ஒரே வகைச் செல்களில் இச்சிக்கல் இல்லை. ஆனால் அங்கே நுரையீரலும் இல்லை. எலிகளிலும் இனத்துக்கு இனம் விடை மாறுகிறது: சி57பிஎல்/6 என்ற இனம் நார்மயமாதலுக்கு எளிதில் ஆளாகும், சி3எச் இனம் பெரிதும் ஆளாகாது.

இரண்டாவது, முத்திரை என்று நம்பியவை நிலைக்காமல் போன வரலாறு. அமெரிக்காவின் கொலராடோ பீடபூமியில் யுரேனியம் தோண்டியவர்களின் நுரையீரல் கட்டிகளை ஆராய்ந்து 1994-இல் வெளியான ஆய்வு, 52 கட்டிகளில் 16-இல் பி53 மரபணுவின் 249-ஆம் குறிமுறையில் (மூன்றெழுத்துத் தொகுதியில்) ஒரே பிறழ்வைக் கண்டது. ரேடானின் கையெழுத்து கிடைத்துவிட்டது என்று அப்போது கருதப்பட்டது. வேறு நாடுகளின் சுரங்கத் தொழிலாளர்களிடமும், ரேடான் மிகுந்த வீடுகளில் வாழ்ந்தவர்களிடமும் தேடியபோது அது அந்த அளவில் கிடைக்கவில்லை.

இதனால் இழப்பீட்டுச் சட்டங்கள் மரபணுச் சோதனையை நம்புவதில்லை. யுரேனியம் சுரங்கத் தொழிலாளர்களுக்கான அமெரிக்கச் சட்டம் 1990-இல் இயற்றப்பட்டு 2000-இல் திருத்தப்பட்டபோது, நுரையீரல் புற்றுநோய் வந்தவர் மொத்தம் 40 வேலைநிலை-மாத (சுரங்கக் காற்றின் ரேடானுக்கு ஒருவர் உட்பட்டதை அளக்கும் அலகு) அளவு ரேடானுக்கு உட்பட்டிருக்க வேண்டும், அல்லது ஓராண்டு சுரங்கத்தில் பணியாற்றியிருக்க வேண்டும் என்றே கேட்டது. அவருடைய கட்டியில் எந்த மரபணு எப்படி இயங்குகிறது என்று அது கேட்கவில்லை.